இங்கிலீஷில் நாலு வரி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு இந்தப் பக்கம் போதும். பை என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, மேலே வைத்தால் யார் தலையிலாவது விழும். ஓசூர்தானே? நானும் ஓசூர்தான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறதே, இன்ஜினியரா? நினைத்தேன். உண்மையைச் சொன்னால், முன்னால் நின்ற பஸ்ஸில் இடம் இருந்தது. உங்கள் கழுத்தில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் இதில் ஏறினேன்.

இங்கிலீஷ் படிப்பீர்கள் அல்லவா? அச்சு இல்லை, பேனாவில் எழுதினது. படிப்பீர்களா? அப்படியானால் ஒரு காகிதம் காட்டுகிறேன். இப்போது இல்லை. எழுதியவன் யார் என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆளைத் தெரியாமல் எழுத்தை மட்டும் படித்தால் அவனை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவன் பேர் சென்னியப்பன். கோயம்புத்தூரில் கணபதி தாண்டினால் எங்கள் பம்பு கம்பெனி. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போடுகிற மோட்டார் பம்பு. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தோம். வரிசையில் நான் முன்னால் நின்றேன். எனக்கு டோக்கன் நம்பர் 412. அவனுக்கு 413. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் முன்னால், அவன் பின்னால்.

எங்கள் கம்பெனியில் பேர் கேட்க மாட்டார்கள், நம்பர்தான் கேட்பார்கள். லீவுச் சீட்டு, யூனிஃபார்ம் சீட்டு, கேன்டீன் சோறு வேகவில்லை என்கிற புகார், எதுவானாலும் வலது பக்க மேல் மூலையில் நம்பரை எழுதி ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் இல்லாத காகிதத்தை டைம் ஆபீஸில் தொடவே மாட்டார்கள். வெள்ளியங்கிரி என்று என் பேரை எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். நம்பரைக் கை தானாக எழுதும்.

இரண்டு பேருக்கும் டெஸ்டிங்கில் வேலை. பம்பைத் தொட்டி மேல் ஏற்றி ஓட விடுவோம். மீட்டர் ஒரு பக்கம் காட்டும். ஆனால் பேரிங் போயிருக்கிறதா என்று மீட்டருக்குத் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பம்பு மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்க வேண்டும். டாக்டர் குழாய் வைப்பாரே, அந்த மாதிரி. எனக்குக் கேட்கும். அவனுக்கு அவ்வளவாகக் கேட்காது. இதை அவனே ஒத்துக்கொள்வான். ஒத்துக்கொள்வானா என்ன, மாட்டான்.

நான் எட்டாம் வகுப்பு. அவன் பத்து பாஸ். சாயங்காலம் சாயங்காலமாகப் போய் டிப்ளமோ படித்தான். அந்த நாலு வருஷமும் அவன் ஐந்து மணிக்கு ஓட, அவன் பங்குப் பம்பையும் சேர்த்து நான் கேட்டு முடிப்பேன். யார் உன்னைச் செய்யச் சொன்னது என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை, செய்தேன். பிறகு அவன் சூப்பர்வைசர் ஆனான். வெள்ளைச் சட்டை போட்டு வந்த முதல் நாளே நான் பாஸ் பண்ணின பம்பு ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

“வெள்ளி, இன்னொருக்கா பாரு” என்றான், எல்லோர் முன்னாலும்.

பம்பில் குறை இருந்ததா என்கிறீர்களா? இருந்தது. அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து வேலைக்கு வேண்டியதைத் தவிர அவனிடம் நான் பேசுவதில்லை. அவன் மேல்மாடி கட்டிப் பால் காய்ச்சினபோது போகவில்லை. அவன் பெண்டாட்டி தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்பினால் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடுவேன். என் மகள் கௌசிகா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோது அவன் ஒரு கால்குலேட்டர் கொடுத்தனுப்பினான். அன்றைக்கே அதைக் கொண்டுபோய் அவன் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். பிள்ளை அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்று நானே வாங்கிக் கொடுத்தேன். மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, அது. அவள் படிப்புக்கு அது உதவாதாம், அதில் என்னவோ சைன், காஸ் இல்லையாம். பெரியது பெரியதுதான் தம்பி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தோடு வரலாம். மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்துப் பொரி, சுண்டல் கொடுப்பார்கள். கௌசிகாவுக்கு அப்போது ஏழு வயது. விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. இவள் என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் மேல் வைத்துக் காதில் பிடித்தாள். “அப்பா, உள்ளுக்குள்ள கல்லு உருளுதுங்கப்பா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் மட்டும் பம்பை நிறுத்திக் கழற்றினான். பேரிங் உடைந்திருந்தது. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு டிபார்ட்மென்ட் முழுக்கச் சுற்றினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை, என் ஸ்க்ரூ டிரைவர். அவன் தோள் எதற்கு?

அவிநாசி வந்துவிட்டதா? டீ வேண்டாம், உட்காருங்கள்.

இப்போது கௌசிகா மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். அறுபது பேரில் நாலே பெண் பிள்ளைகள். கோடை லீவில் ஆறு வாரம் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப் பண்ணியே ஆக வேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். இன்டர்ன்ஷிப் உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க நாயாய் அலைய வேண்டும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். காலேஜில் ஒரு லெட்டர் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்பார்கள்.

நாற்பது கம்பெனிக்கு மெயில் போட்டாள். ஒருவரும் பதில் போடவில்லை. சிட்கோ தொழிற்பேட்டையில் கேட் கேட்டாக ஏறி இறங்கினாள். வாட்ச்மேன் முதலில் கேட்கிற கேள்வி, “உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?” இல்லை என்றால், “லெட்டரக் குடுத்துட்டுப் போ கண்ணு, கூப்பிடுவாங்க.” யார் கூப்பிட்டார்கள்? ஒரு இடத்தில், “வரவே வேண்டாம், பணம் கட்டினா சர்ட்டிபிகேட் குடுத்துர்றோம்” என்றார்களாம். வந்து சொல்லிவிட்டு, “எனக்கு அது வேண்டாங்கப்பா. நெசமாலுமே மிஷின்ல நிக்கணும்” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் தொழிலாளி பிள்ளைகளில் நாலு பேரை இன்டர்ன்ஷிப்புக்கு எடுப்பார்கள். தகப்பன் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை அந்தந்த டிபார்ட்மென்ட் சூப்பர்வைசர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு சூப்பர்வைசர் ஒரே ஒரு பேரைத்தான் எழுதி மேலே அனுப்பலாம். போர்டில் ஒட்டுகிறவரை யார் பேர் என்று வெளியே சொல்லக் கூடாது.

கௌசிகா விண்ணப்பம் கொண்டுவந்தாள், கையெழுத்துப் போட்டேன், மூலையில் நம்பரும் போட்டு வட்டம் போட்டேன். அப்புறம்தான் கேட்டேன், இதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று.

“சென்னியப்பன் மாமாகிட்டத்தானுங்கப்பா.”

“அவங் கையிலயா? என் உசுரு போனாலும் குடுக்க மாட்டேன். நான் மேனேஜரையே நேரா பார்க்கறேன்.”

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் மேனேஜரைப் பார்க்க மூன்று நாள் ஷிப்டு முடிந்து நின்றேன். மூன்று நாளும் அவர் மீட்டிங்கில் இருந்தார். நாலாம் நாள் ஆபீஸ் படியில் ஏறிப் போகிறது யார் தெரியுமா? சென்னியப்பன் மகன் பிரணவ். அவனும் மூன்றாம் வருஷ இன்ஜினியரிங்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். நான் மூன்று நாள் நின்ற படியில் அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி. என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா மாமா?” என்கிறான்.

நீங்களே சொல்லுங்கள். ஃபைலோடு எதற்குப் போவான்? டெஸ்டிங்குக்கு உள்ள ஒரே இடத்தை அப்பன் மகனுக்கு எழுதிவிட்டான். வேறென்ன?

ஊரில் இதற்கு ஒரு மருந்து உண்டு. மொட்டைக் கடுதாசி. வீட்டுக்குப் போய் கௌசிகாவைக் கூப்பிட்டேன். “ஒரு பேப்பர் எடு கண்ணு. பேர் போட வேண்டாம். டெஸ்டிங் சூப்பர்வைசர் வேண்டியவங்களுக்காக ஒரு பேர எழுதி அனுப்பியிருக்காரு, அந்தப் பேர எடுத்துக்கக் கூடாதுன்னு எழுது.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாங்கப்பா.”

“ஏன் வேண்டாம்?”

“அனுப்பாதீங்கப்பா. நான் உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். லிஸ்ட் வர்ற வரைக்கும் பொறுங்க.”

“அந்தப் பையம் பேர் வந்த பொறகு பொறுத்து என்ன புண்ணியம்?”

அவள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், இவளுக்கும் அந்தப் பிரணவுக்கும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. இல்லாவிட்டால் அவனுக்காக இவள் எதற்கு அழ வேண்டும்? என் பெண்டாட்டி துளசிமணியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். யாருக்காக அடித்துக்கொண்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் சொல்லி அடித்து வாங்கினேன். பேர் இல்லை, கையெழுத்து இல்லை, ஊர் இல்லை. கவரில் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் டைம் ஆபீஸ் பெட்டியில் போட்டேன். அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது.

இந்தச் சத்தம் கேட்கிறதா தம்பி? பெருந்துறை தாண்டினதிலிருந்து கேட்கிறது. கேட்கவில்லையா? சரி, விடுங்கள்.

ஒரு வாரத்தில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஃபவுண்டரியில் ஒரு பேர், மிஷின் ஷாப்பில் ஒரு பேர், இரண்டு சூப்பர்வைசர் இருக்கிற வைண்டிங்கில் இரண்டு பேர். டெஸ்டிங்கில் பேரே இல்லை. இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். இல்லவே இல்லை. வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன்.

“லிஸ்ட் வந்துருச்சு! டெஸ்டிங்ல யாரு பேரும் இல்ல!” என்று வாசலிலேயே சொன்னேன்.

கௌசிகா ஜிலேபிப் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் போட்டுச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். துளசிமணி என் முன்னால் வந்து நின்று, “சந்தோசமுங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஜிலேபியை அப்படியே எறும்பு தின்றது.

மறுநாள் காலை. கார்டு பஞ்ச் பண்ணுகிற மிஷின் முன்னால் வரிசை. நான் முன்னால், சென்னியப்பன் பின்னால். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வேலை சம்பந்தம் இல்லாமல் என்னிடம் பேசினான். மெதுவாகத்தான் பேசினான்.

“வெள்ளி. இந்த ஒலகத்துல மொட்டைக் கடுதாசிக் கவர்ல டோக்கன் நம்பர் எழுதி, வட்டமும் போட்ட ஆளு நீ ஒருத்தன்தாண்டா.”

கவரை ஒட்டினேன், பெட்டியில் போட்டேன். நடுவில் பேனா எடுத்தேனா? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. கை எழுதியிருக்கிறது.

“மேனேஜர் என்னையக் கூப்பிட்டு ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. டெஸ்டிங்ல இருந்து போன பேர எடுத்துக்கக் கூடாதுன்னு நானூத்திப் பன்னெண்டு எழுதியிருக்கறான். டெஸ்டிங்ல இருந்து போன பேரு நானூத்திப் பன்னெண்டோட மக பேரு. பெத்த அப்பனே வேண்டாங்கறான், நமக்கெதுக்கு வம்புன்னு அவரு கோட்டப் போட்டு அடிச்சுட்டாரு. நான் என்ன பேசட்டும்?”

கார்டைப் பஞ்ச் பண்ணிவிட்டுப் போய்விட்டான்.

தம்பி, என் மகள் எனக்குத் தெரியாமல் அவன் வீட்டுக்குப் போய் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறாள். “அப்பாகிட்டச் சொல்லாத, வந்து பிடுங்கிட்டுப் போயிருவான், லிஸ்ட் வரட்டும்” என்று அவன் சொல்லியிருக்கிறான். கால்குலேட்டரை மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான் பாருங்கள். இதெல்லாம் துளசிமணிக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பிரணவ் ஃபைலோடு போனது எதற்கு என்றால், அவன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனாம். கம்பெனி இன்சூரன்ஸ் கேட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொடுக்கப் போயிருக்கிறான். அவனுக்கு எப்போதோ மெட்ராஸில் இடம் கிடைத்தாயிற்றாம். டிபார்ட்மென்ட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. முறுக்கை வாட்ச்மேனுக்குக் கொடுக்கிறவனிடம் எதற்குச் சொல்வது என்று விட்டிருப்பார்கள். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் இப்போது அவன் பக்கம் சாய்வது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் ஆளைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அவன் நேராக என்னிடம் வந்து, “வெள்ளி, உன் மக பேர எழுதப் போறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? நான் என்ன சொல்லியிருப்பேன் என்கிறீர்களா? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

கௌசிகா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுபடி மெயில் போட்டாள். மறுபடி கேட் ஏறினாள். நாற்பத்தி மூன்றாவது கம்பெனி ஓசூரில். கம்ப்ரஸர் செய்கிறார்கள். வா என்று பதில் வந்தது. அதிலும் சென்னியப்பன் கை இருக்கிறதோ என்று விசாரித்துப் பார்த்தேன். இல்லை. அவளாகவே வாங்கியது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு ரூமில். போய் மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குத் தினமும் போன் வரும். என்னிடம் போனைக் கொடுத்தால், “சாப்டியா கண்ணு?” என்பேன். “ம்” என்பாள். “வேலை எப்படி?” “ம்.” முன்பெல்லாம் நாள் முழுக்கப் பேசுவாள். இப்போது ஒரு எழுத்து.

போன வாரம் துளசிமணி சொன்னாள், அங்கே அவளை டெஸ்டிங்கில்தான் போட்டிருக்கிறார்களாம். இரண்டாம் நாளே ஒரு கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னாளாம். கழற்றிப் பார்த்தால் பேரிங். படிப்பு முடிந்ததும் இங்கேயே வந்துவிடு என்று பெரிய இன்ஜினியர் சொன்னாராம். ஆனால் பிளாஸ்டிக் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான் கொடுத்திருக்கிறார்களாம். அதில் என்ன கேட்கும்? அதற்குத்தான் இது. மரப்பிடி. இருபத்தொன்பது வருஷம் என் காதில் இருந்தது. நான் வருவது அவளுக்குத் தெரியாது.

இந்தாருங்கள், காகிதம். தேறாத விண்ணப்பங்களை டைம் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேலே என் நம்பர், என் வட்டம். குறுக்கே சிவப்புக் கோடு, அது மேனேஜர். கீழே நாலு வரி இருக்கிறதே, அது அவன் கையெழுத்து. டிப்ளமோ இங்கிலீஷ். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கம்பெனியில் யாரிடம் காட்டுவது? கௌசிகாவிடம் எந்த முகத்தோடு காட்டுவது? என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பான் என்று தெரியும். என்னவென்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. படியுங்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுங்கள்.

“இந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வாய் சரியில்லை, அதனால் இத்தனை வருஷமாக அவனுக்காக யாரும் எதுவும் கேட்டதில்லை.” பார்த்தீர்களா! நான் சொன்னேனா இல்லையா? எடுத்ததும் வாய்க்குத்தான் வந்தான். ம், அடுத்தது.

“ஆனால் இந்தக் கம்பெனியில் அவன் காதைப் போல இன்னொரு காது இல்லை.”

அப்படியா எழுதியிருக்கிறான்? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவன் எழுத்துக் கோழி கிண்டினது மாதிரி இருக்கும். சரி. மூன்றாவது?

“ஏழு வயதில் இந்தப் பெண் ஓடுகிற பம்பில் பேரிங் போனதைக் கண்டுபிடித்ததை நான் நேரில் பார்த்தேன்.” தோளில் தூக்கினதை எழுதவில்லையா? இல்லையா. சரி.

கடைசி.

“அந்தக் காது வெளிக் கம்பெனிக்குப் போய்விடக் கூடாது.”

...

பார்த்தீர்களா தம்பி அவன் புத்தியை? இருபத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றவன். இந்தக் காதைப் பற்றி என் முகத்துக்கு நேராக ஒரு நாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு மனசு வந்ததும் எனக்குத் தெரியாத பாஷையில் எழுதி, யாரோ ஒரு மேனேஜரிடம் கொடுத்திருக்கிறான். இவனை எப்படித் தம்பி மன்னிப்பது?

கொடுங்கள். இல்லை, இருங்கள். அந்த இரண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். தமிழில் வேண்டாம், அவன் எழுதினபடியே இங்கிலீஷில் படியுங்கள். எனக்குப் புரியாது, பரவாயில்லை. எப்படி இருக்கிறது என்று காதால் கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். இந்த பஸ்ஸுக்குப் பின் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது, பெருந்துறையிலிருந்தே முனகிக்கொண்டு வருகிறது. ம், இப்போது படியுங்கள்.